கார்டில் தேதி இருக்காது

"அண்ணே, கார்டு கையிலதானே இருக்கு, அப்புறம் என்ன?"

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் ஞாயிறு மாலை உட்கார்ந்தால் இந்தக் கேள்வி எப்படியும் ஒருமுறை காதில் விழும். கார்டு கையில் இருக்கும், வேலை அனுமதியான பெர்மிட் செத்துப்போயிருக்கும். சிங்கப்பூரில் சட்டச் சிக்கலில் மாட்டும் நம் ஆட்களில் படகேறியோ லாரிக்குள் ஒளிந்தோ வந்தவர் அரிது. முறையாக விமானத்தில் வந்து, முறையாக வேலைக்குச் சேர்ந்து, ஒரு தேதியைக் கவனிக்காமல் விட்டவர்தான் அதிகம்.

வொர்க் பெர்மிட் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். படம், பெயர், முதலாளியின் பெயர், எஃப், ஜி அல்லது எம் என்று தொடங்கும் ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்), சதுரமாக ஒரு கியூஆர் கட்டம். எது வரை செல்லும் என்ற தேதி மட்டும் இருக்காது. அது மனிதவள அமைச்சின் கணினியில் இருக்கிறது. எஸ்ஜி வொர்க்பாஸ் செயலியை இறக்கி அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தால்தான் பெர்மிட் நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று தெரியும். முதலாளி அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பெர்மிட்டை ரத்து செய்துவிடலாம். உங்கள் பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் அட்டை அப்போதும் பளபளவென்றுதான் இருக்கும்.

பாஸ்போர்ட்டிலும் அதே கதை. முன்பு சாங்கியில் இறங்கினால் முத்திரை குத்துவார்கள், அதில் நாள் கணக்கு இருக்கும். இப்போது முத்திரை கிடையாது. 2024 செப்டம்பர் கடைசியிலிருந்து சாங்கி முனையங்களில் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்கள் முகத்தையும் கண்ணையும் காட்டிப் பாஸ்போர்ட்டை எடுக்காமலே போகிறார்கள், வருகிறார்கள். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் அதே ஆண்டு மார்ச்சில் காரில் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதில் கியூஆர் வந்தது. வேகம் நல்லதுதான். ஆனால் தாளில் கண்ணெதிரே இருந்த தேதி இரண்டு இடத்திலும் மறைந்துவிட்டது. தேடிப் பார்க்கும் வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் ஏறும் நாளில் ஸ்கேன் செய்து பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

தேதி தாண்டினால் என்ன ஆகும்? குடிநுழைவுச் சட்டத்தில் கோடு 90 நாளில் போடப்பட்டிருக்கிறது. 90 நாளுக்குள் என்றால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் ஆறு மாதம் வரை சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. பெண்களுக்கும் 50 வயது கடந்த ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது, அதற்குப் பதிலாக 6,000 வெள்ளி வரை அபராதம். ஒளிந்து நுழைந்தவருக்கும் இதே பிரம்படிதான். "சும்மா தங்கிட்டேன், திருடலையே" என்ற வாதம் எடுபடாது. தாண்டிவிட்டது என்று தெரிந்த நாளிலேயே லெவண்டர் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் குடிநுழைவு ஆணையக் கட்டடத்துக்குப் போய்ச் சொல்வதுதான் வழி. போனால் தண்டனையே இல்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் 90ஐ நோக்கித்தான் போகிறோம்.

இனி ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு. ஸ்கில் டெஸ்ட் அடித்து, ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி, கைக்கு வரும் முதல் தாள் ஐபிஏ. அது பெர்மிட் இல்லை, கொள்கை அளவில் தரப்பட்ட ஒப்புதல் கடிதம். விமானம் ஏறும் முன்பே அது உங்களுக்குத் தெரிந்த மொழியில் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது முதலாளிக்கான விதி. அதைப் படிக்காமல் மடித்துப் பையில் வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு.

படிக்க வேண்டிய வரி, அடிப்படைச் சம்பளம். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும்: மாத அடிப்படையை 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வரும் 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. அடிப்படை 800 வெள்ளி என்றால் ஓவர்டைம் மணிக்கு 6.29 வெள்ளி. அதே 800ஐ 500 அடிப்படை, 300 படி என்று பிரித்து எழுதியிருந்தால் மணிக்கு 3.93. மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் 72 மணி நேரம் முழுவதும் ஓவர்டைம் செய்தால் முன்னதில் 453 வெள்ளி, பின்னதில் 283. மாதம் 170 வெள்ளி ஒரு வரியில் போய்விடுகிறது. வந்து இறங்கியபின் "புது அக்ரிமென்ட்" என்று நீட்டி, ஐபிஏவில் உள்ளதைவிடக் குறைத்துக் கையெழுத்து கேட்பார்கள். உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல், அமைச்சுக்குத் தெரிவிக்காமல் சம்பளத்தைக் குறைக்க முடியாது. அதனால்தான் அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவு அவசரம். ஐபிஏவைப் படம் எடுத்து ஊரில் மனைவிக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். ஃபோன் தொலைந்தாலும் அது அங்கே இருக்கும்.

ஐபிஏ அசலா போலியா என்பதை அமைச்சின் இணையத்தளத்தில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி முதலான விவரங்களைப் போட்டுப் பார்க்கலாம். இதை ஏறும் முன்பே செய்ய வேண்டும். காரணம், சென்னையிலோ திருச்சியிலோ உங்களுக்காக வேறு யாரும் இதைப் பார்க்கப்போவதில்லை. பத்தாவது படிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரைக்காக இந்திய அரசு வைத்திருக்கும் 18 நாடுகளின் பட்டியலில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. வளைகுடாவுக்குப் போகிறவருக்கு இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகச் சோதனை நமக்குக் கிடையாது. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். சிங்கப்பூர் ஏஜென்சி என்றால் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் எந்தக் கணக்கில் வாங்குகிறார் என்று கேட்டால் பதில் வராது. குறைந்தபட்சம் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள், பின்னால் காட்ட ஒரு தடம் இருக்கும். வேலையில் வைத்திருப்பதற்காக முதலாளியே பணம் வாங்கினால் அது தனிக் குற்றம்: 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை.

"டூரிஸ்ட்டா போயிட்டு அங்க மாத்திக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட் கண்ணெதிரே நின்றால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்து பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. 2026 ஜனவரி 30 முதல் இன்னொன்றும் நடப்பில் இருக்கிறது: நுழையத் தகுதியில்லை என்று சிங்கப்பூர் முன்கூட்டியே அடையாளம் கண்ட பயணியை ஏற்ற வேண்டாம் என்று விமான நிறுவனத்துக்கே உத்தரவு போகும். எல்லை இப்போது புறப்படும் ஊரின் கவுண்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

எஸ்ஜி அரைவல் கார்டு பற்றி ஒரு வரி. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம். கார்டு எண்ணும் பணமும் கேட்கும் தளம் போலி. அது விசாவும் இல்லை.

வந்தபின் மருத்துவச் சோதனை, பெண்டமியர் சாலையில் உள்ள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகை, அப்புறம் கார்டு. இந்த இடைவெளியில் "சும்மா ஜேபி போயிட்டு வரலாம்" என்று எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு நண்பர்கள் கூப்பிட்டால் போகாதீர்கள். விசா தேவைப்படும் நம்மைப் போன்றவர்களுக்கு ஐபிஏ ஒரே ஒருமுறை நுழையத்தான் உதவும். அந்த நுழைவு சாங்கியிலேயே செலவாகிவிட்டது.

கார்டு வந்தபின் அது எதோடெல்லாம் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முதலாளி, ஒரு தொழில், ஒரு தங்குமிடம். கட்டுமானக் கார்டு வைத்திருப்பவரை முதலாளியின் மச்சான் கடையில் ஞாயிற்றுக்கிழமை தட்டு கழுவச் சொன்னால், சொன்னவரும் மாட்டுவார், கழுவியவரும் மாட்டுவார். "முதலாளிதானே அனுப்பினார்" என்பது உங்களைக் காப்பாற்றாது. இப்போது அதிகம் நடப்பது சாப்பாடு டெலிவரி. உள்ளூர்க்காரர் ஒருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து, ராத்திரி இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் கைச்செலவுக்கு ஆகும் என்று தொடங்குகிறார்கள். பிடிபட்டால் அந்த வாரக் கைச்செலவோடு ஊர்க் கடன் முழுவதும் நடுத்தெருவில் நிற்கும், திரும்பி வரும் வாய்ப்பும் மூடிக்கொள்ளும்.

முதலாளி அரசுக்குக் கட்டும் 5,000 வெள்ளி பாண்டும் (பிணைத்தொகை) லெவியும் (மாத வரி) அவர் பாடு. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை அவர் வைத்துக்கொள்வதும் குற்றம். "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கினால் "என்கிட்டயே பத்திரமா இருக்கும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், சட்டம் உங்கள் பக்கம். பாஸ்போர்ட் முடியும் தேதியையும் கவனியுங்கள். பெர்மிட் பொதுவாக இரண்டு ஆண்டு வரை, ஆனால் பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறதென்றால் பெர்மிட்டும் அதற்கேற்பக் குறையும். புதிய பாஸ்போர்ட் வாங்கினால் அந்த எண்ணை முதலாளி வழியாகப் பதிந்தாயிற்றா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பதியாமல் ஊருக்குக் கிளம்பியவர்கள் தானியங்கிக் கதவின் முன்னால் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

கம்பெனி மாறும் விஷயத்தில் பலருக்கு இன்னும் பழைய கணக்குதான். "ரிலீஸ் லெட்டர் இல்லாம முடியாது" என்பார்கள். கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் இருக்கும்வரை உள்ள இடைவெளியில் புதிய முதலாளி விண்ணப்பித்தால் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டாம். ஏறக்குறைய மூன்று வாரம் திறக்கும் சன்னல் அது. 41ஆம் நாள் என்றாலும் சம்மதம் வேண்டும், 20ஆம் நாள் என்றாலும் சம்மதம் வேண்டும். கார்டில் தேதி அச்சாகாத ஊரில் இந்தச் சன்னல் எப்போது திறக்கும் என்று தெரிய ஸ்கேன் செய்து, காலண்டரில் பின்னோக்கி எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். ஆள் தேடுவதை மட்டும் அதற்கு முன்பே தொடங்குங்கள். மூன்று வாரத்தில் முதலாளியையும் கண்டுபிடித்து விண்ணப்பமும் போடுவது எல்லோருக்கும் கைகூடாது.

2025 ஜூலை 1 முதல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை வொர்க் பெர்மிட்டில் மொத்தம் இத்தனை ஆண்டுதான் என்று திறனையும் நாட்டையும் பொறுத்து 14 முதல் 26 ஆண்டு வரை வரம்பு இருந்தது. அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வேலை செய்யும் வயது வரம்பும் 60லிருந்து 63 ஆனது. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. இருபது வருடம் ஸ்கஃபோல்டிங் கட்டிக் கைதேர்ந்தவரை வருடக் கணக்கு காட்டித் திருப்பி அனுப்புவதில் யாருக்கும் லாபம் இருந்ததில்லை. ஆனால் வருடம்தான் நீண்டது. பெர்மிட் இன்றைக்கும் ஒரு முதலாளியின் கையில்தான் கட்டப்பட்டிருக்கிறது, அவர் ரத்து செய்யும் வசதி அப்படியேதான் இருக்கிறது. "வரம்பு போயிடுச்சு, இனி பிஆர் போடலாம்" என்று கிளப்பிவிடும் ஏஜென்ட்டையும் நம்ப வேண்டாம். நிரந்தரவாசத்துக்கு (பிஆர்) உயர் சம்பள வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ், நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸ் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாம். வொர்க் பெர்மிட்டில் இருந்துகொண்டு வேலை அடிப்படையில் விண்ணப்பிக்க வழி இல்லை.

எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் குடும்பங்களுக்கு வேறு வகைச் சிக்கல். மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் இருந்தால் மனைவி, பிள்ளைகளுக்கு டிபெண்டன்ட்ஸ் பாஸ். பெற்றோரை நீண்டகாலம் வைத்துக்கொள்ள 12,000 வேண்டும். 2021 மே முதல் டிபெண்டன்ட்ஸ் பாஸில் இருப்பவர் வேலை பார்க்கத் தனி வேலைப் பாஸ் வேண்டும். வீட்டில் டியூஷன் எடுப்பதும், மாவு அரைத்து வாட்ஸ்அப் குழுவில் விற்பதும் "சும்மா பொழுதுபோக்கு" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். பணம் வாங்கினால் அது வேலை.

பிரசவத்துக்கு வரும் அம்மா, மாமியாருக்கான எச்சரிக்கை இதுதான்: விசாவில் உள்ள தேதி வேறு, தங்க அனுமதிக்கும் தேதி வேறு. இரண்டு ஆண்டு செல்லும் விசா என்றால் அந்த இரண்டு ஆண்டில் நுழையலாம் என்றுதான் பொருள். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை நுழையும்போது முடிவுசெய்து இ-பாஸாக மின்னஞ்சலுக்கு அனுப்புவார்கள். அரைவல் கார்டில் கொடுத்த மின்னஞ்சல் அம்மாவுடையதா, ஊரில் படிவம் நிரப்பிக்கொடுத்த டிராவல்ஸ் தம்பியுடையதா? பிந்தையது என்றால் இ-பாஸ் தஞ்சாவூரில் யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் கிடக்கும். படிவத்தில் உங்கள் மின்னஞ்சலைப் போடுங்கள், வந்த அன்றே திறந்து பாருங்கள். முப்பது நாள் என்று விரல் விட்டு எண்ணாமல் அதில் உள்ள கடைசித் தேதியைப் படியுங்கள். நீட்டிக்க வேண்டுமென்றால் அது முடியும் முன்பே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஜோகூர் போய்த் திரும்பினால் புதிதாக முப்பது நாள் கிடைக்கும் என்பது எப்போதும் பலிக்காது, அதிகாரி குறைவாகத் தரலாம், மறுக்கவும் செய்யலாம்.

வொர்க் பெர்மிட்டில் இருப்பவரோ முன்பு இருந்தவரோ சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ திருமணம் செய்ய மனிதவள அமைச்சின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஊரில் கோயிலில் தாலி கட்டினாலும் இதே விதிதான்.

அறை வாடகைக்கு விடுகிறவர்களே, சொந்தக்காரப் பையன் என்பதற்காகச் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். மூன்று சோதனை சட்டப்படி கட்டாயம்: அசல் பாஸைப் பார்ப்பது, அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவது, அமைச்சு அல்லது ஆணையத்தின் தளத்திலோ முதலாளியிடமோ உறுதிசெய்வது. அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே தங்கவைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கட்டுமானப் பெர்மிட்காரருக்கு, மலேசியர் தவிர, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்கு அனுமதியே கிடையாது.

இனி, எல்லோரும் பயப்படும் நாள். காலையில் சூப்பர்வைசர் வந்து, "பெர்மிட் கேன்சல், ராத்திரி ஃபிளைட், பையைக் கட்டு" என்கிறார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளில் சம்பளம், பதினான்கு நாளில் ஓவர்டைம் தந்திருக்க வேண்டும். இந்த நிலையில் ஓடி ஒளிவதுதான் மோசமான முடிவு. ஒளிந்தால் முதலாளி காணவில்லை என்று புகார் கொடுப்பார், அதுவரை அவர் பக்கம் இருந்த தவறு உங்கள் பக்கம் மாறும். பையைக் கட்டும் நேரத்தில் மூன்றை ஃபோனில் படம் எடுங்கள்: ஐபிஏ, சம்பளச் சீட்டுகள் அல்லது வங்கிக் கணக்கு, வேலை நேரம் எழுதிய டைம் கார்டு. டைம் கார்டு தராத இடமென்றால் தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், சைட் பெயரை நீங்களே எழுதிவந்த நோட்டுப் புத்தகமும் உதவும். வெற்றுக் காகிதத்திலும் "எல்லாப் பணமும் வாங்கிக்கொண்டேன்" என்ற தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணுக்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நேரமில்லை, வேனில் ஏற்றி சாங்கிக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்றாலும் வழி மூடவில்லை. உடன் வந்தவர் குடிநுழைவுக் கோட்டைத் தாண்டி உள்ளே வர முடியாது. தானியங்கித் தடத்தில் முகத்தைக் காட்டிப் போய்விட்டால் உங்களிடம் கேள்வி கேட்க அங்கே ஆள் இல்லை, கதவு திறக்கும், அவ்வளவுதான். அதனால் அந்தத் தடத்தில் நுழையாமல் சீருடையில் நிற்கும் அதிகாரியிடம் நேராகப் போய், "சம்பளம் தரல, எம்ஓஎம்ல கேஸ் போடணும்" என்று சொல்லுங்கள். எம்ஓஎம் என்பது மனிதவள அமைச்சு. தமிழிலேயே சொல்லலாம். ஃபோனில் உள்ள படங்களைக் காட்டுங்கள். காயம்பட்டு இழப்பீடு பாக்கி என்றாலும் இதே முறைதான்.

ஒருவேளை ஊருக்கே போய்விட்டீர்கள் என்றாலும் வேலையை விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சம்பளப் புகார் கொடுக்கலாம். காயத்துக்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு. ஆனால் தூரத்திலிருந்து நடத்துவது கடினம், இங்கே இருக்கும்போதே பதிந்துவிடுவது மேல்.

இங்கேயே இருந்து வழக்கைப் பார்க்க அனுமதிக்கப்பட்டால் ஸ்பெஷல் பாஸ் தருவார்கள். அதை வைத்து வேலை செய்யக் கூடாது. தற்காலிக வேலைக்கோ வேறு முதலாளிக்கு மாறவோ அமைச்சிடம் தனியாக அனுமதி கேட்கலாம், கிடைத்தபிறகுதான் சைட்டில் கால் வைக்க வேண்டும். ஸ்பெஷல் பாஸ் குறுகிய காலத்துக்குத்தான் தருவார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது தானாக நீளாது. குறித்த நாளில் அந்தத் தாளோடு நேரில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். மழை, காய்ச்சல், பஸ் கிடைக்கவில்லை என்று ஒருநாள் தவறினாலும் மறுநாள் காலை முதல் வேலையாக அங்கே போய் நில்லுங்கள், மருத்துவச் சான்று இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.